படுவான் பக்கச் சுவரும் ஒரு ஹோஸ் ஸ்டேண்டும்

போன மாதம் ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. நான் வேலை செய்து ஓய்வு பெற்ற நாற்றுப் பண்ணையின் இப்போதைய பொறுப்பதிகாரி அம்மா கதைத்தார். முகம் பார்த்ததில்லை, குரல் மட்டும்தான் பழக்கம்.

"ஐயா, நீங்க செஞ்ச ஹோஸ் ஸ்டேண்ட் இன்னும் அசையாம நிக்குது. அதே மாதிரி இன்னும் மூணு வைக்கப் போறம். அளவையும் செய்யிற விதத்தையும் ஒரு தாளில எழுதித் தருவீங்களா? கோப்பில வைக்கணும்."

"ஓம், எழுதித் தாறன்" என்று சொல்லிவிட்டேன். அன்று பின்னேரமே கொப்பியை எடுத்து உட்கார்ந்தேன். அளவெல்லாம் எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். அரை மணித்தியால வேலை. ஆனால் எழுதி முடித்துப் பார்த்தால் அந்தத் தாளில் ஒரு குறையும் இல்லாத கெட்டிக்காரன் ஒருவன் நிற்கிறான். அவன் நானில்லை. ஆகவே அளவை அவருக்கு அனுப்பிவிட்டு, மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

என் பேர் மரியதாஸ். ஊர் கல்லடி. பதினேழு வயதில் தச்சு வேலைக்குப் போனேன், இருபதில் இரும்பு ஒட்டப் பழகினேன், அதற்குப் பிறகு வள்ளம், ஜன்னல், கேட், தண்ணீர்ப் பம்ப் என்று கிடைத்ததை எல்லாம் திருத்தினேன். நாற்பதுக்குக் கிட்டவாகத்தான் பண்ணையில் பராமரிப்பு வேலை கிடைத்தது. பழகின காலத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. ஒன்றை மட்டும் சொல்லவேண்டும். கடற்கரையில் வளர்ந்தவனுக்கு உப்புக்காற்று என்றால் பயம். கடலைப் பார்த்த சுவரில் ஓர் ஆணியை அடித்தால் அடுத்த வருசம் அது தூளாகக் கொட்டும். அதனால் கல்லடியில் இரும்புச் சாமான் எதையும் எழுவான் பக்கம், அதாவது கிழக்கில், வைக்கமாட்டோம். சைக்கிளானாலும் மிஞ்சின கம்பியானாலும் வீட்டைச் சுற்றிக்கொண்டு போய்ப் படுவான் பக்கம், மேற்குச் சுவரோடுதான் வைப்போம். யோசித்துச் செய்கிற காரியமில்லை இது. கால் தானாக அந்தப் பக்கம் நடக்கும்.

பண்ணை இருந்தது வாவிக்கு அக்கரையில், வெல்லாவெளிப் பக்கம். விடியப் பஸ் ஏறிக் களுவாஞ்சிக்குடிக்கு அங்கால் இறங்கி, குருமண்வெளியில் பாதை ஏறுவேன். பாதை என்று நாங்கள் சொல்வது ஆட்களையும் சைக்கிளையும் மோட்டார் வண்டியையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கிற தட்டையான படகை. மண்டூரில் இறங்கி மறுபடி பஸ். போக இரண்டு மணித்தியாலம், வர இரண்டு மணித்தியாலம். உப்புக் காற்றை வாவிக்கு இந்தப் பக்கமே விட்டுவிட்டுப் போகிறேன் என்று ஒரு நாளாவது நினைத்திருந்தால் இந்தக் கட்டுரை எழுத வேண்டி வந்திராது.

அப்போது பொறுப்பதிகாரியாக இருந்தவர் நவரத்தினம் சேர். ஒல்லியான மனிதர், குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. யார் என்ன சொன்னாலும் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, "காட்டுங்க பாப்பம்" என்பார். பம்ப் வேலை செய்யவில்லை என்றால், காட்டுங்க பாப்பம். வேலியில் ஓட்டை என்றால், காட்டுங்க பாப்பம். கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டுத்தான் எதையும் தொடுவார். தொட்டுப் பார்க்காத எதையும் எழுதமாட்டார். அவருடைய அறிக்கைகள் அரைப் பக்கத்துக்கு மேல் போனதில்லை, ஆனால் அதில் ஒரு சொல்லைக்கூட யாராலும் அசைக்க முடியாது.

ஒரு பங்குனி மாதம் பண்ணைக்குப் புது ஹோஸ் வந்தது. நூற்றைம்பது அடி, தடித்த கறுப்பு ரப்பர். நுனியில் பூவாகத் தூவுகிற மூக்கு ஒன்று, அதை அழுத்தினால் தண்ணீர் வரும், விட்டால் நிற்கும். அதுவரை பாவித்த பழைய ஹோஸ் மாமரத்துக்குக் கீழே புல்லுக்குள் சுருண்டு கிடக்கும். மிதிபட்டு, மடிந்து, இரண்டு இடத்தில் வெடித்துக் கிடந்தது.

"மரியதாஸ், இதையும் நிலத்தில போட்டா ஒரு வருசம் தாங்காது. ஒரு ஸ்டேண்ட் செய்வமா?" என்றார் சேர்.

செய்தேன். இரண்டு முதிரை மரக் கால், ஒவ்வொன்றும் ஆறடி. அடியிலிருந்து இரண்டடிக்குத் தார் பூசி, இரண்டு நாள் காயவிட்டேன். அலவாங்கால் இரண்டடிக் குழி தோண்டி, அடியில் கல் போட்டு, காலை நிறுத்தி, சுற்றிவர உடைந்த செங்கல்லும் களியும் மாறி மாறி இட்டு இடித்தேன். கொங்கிரீட் போட்டால் தண்ணீர் தேங்கி மரத்தின் அடியை அழுக வைக்கும். இரண்டு காலுக்கும் நடுவில், இடுப்பு உயரத்தில், பழைய லொறி ரிம் ஒன்றைப் பொருத்தினேன். ஹோஸை மெல்லிய கொழுவியில் தொங்கவிட்டால் தன் பாரத்தாலேயே மடிந்து, மடிந்த இடத்தில் வெடிக்கும். ரிம்மின் அகலத்தில் சுற்றினால் மடியாது. அதன் விளிம்பை அரத்தால் ராவி வழவழப்பாக்கி, இரண்டு தரம் துருத்தடுப்புப் பூச்சும் அதன் மேல் பச்சையும் பூசினேன். இன்றைக்கும் அந்த அளவில் பிழை சொல்ல யாராலும் முடியாது.

நட்ட இடம்தான் பிழை. தண்ணீர்ப் பைப் இருந்தது களஞ்சியத்தின் முன்பக்கச் சுவருக்கு நடுவில். கிழக்குச் சுவருக்கும் மேற்குச் சுவருக்கும் ஒரே தூரம். என் கால் தானாகப் படுவான் பக்கம் நடந்தது.

சேர் வந்து பார்த்தார். கையால் உலுக்கினார், அசையவில்லை. படமெடுத்துத் தலைமைக் கந்தோருக்கு அனுப்பினார். வேறு இரண்டு பண்ணையிலிருந்து அளவு கேட்டுக் கடிதம் வந்தது. எனக்குச் சரியான பெருமை. பூமணி மட்டும்தான் பகிடி பண்ணினாள்.

"என்னகா இது, ஹோஸுக்கு இவ்வளவு மரியாதை? பதினொரு வருசமா நிண்டுகொண்டு வேலை செய்யிறம், எங்களுக்கு இருக்க ஒரு வாங்கு அடிச்சுத் தர மனம் வரல்லியே அண்ணன்!"

பூமணி வெல்லாவெளிக்காரி. அமையத் தொழிலாளி, அதாவது நிரந்தரமில்லாதவள். புருசன் வட்டையில் கூலிக்கு வயல் வேலை செய்வார், இரண்டு பெண் பிள்ளைகள். நாற்றுத் தட்டுகளுக்குத் தண்ணீர் விடுவது அவள் வேலை. அந்த வருசம் நிரந்தரமாக்குகிறவர்களின் பட்டியல் போகவிருந்தது, அதில் முதல் பேர் அவளுடையது. நிரந்தரமாவதற்கு வயதெல்லை உண்டு. அவளுக்கு அது கடைசித் தருணம். பண்ணையில் எல்லாருக்கும் இது தெரியும். "இந்தத் தரம் இல்லாட்டி எனக்கு இல்லத்தான்" என்று அவளே சொல்லிக்கொண்டு திரிவாள்.

ஆனி பிறந்ததும் கச்சான் காற்று தொடங்கியது. மேற்கிலிருந்து அடுப்பு வாயைத் திறந்துவிட்ட மாதிரி வீசும். தட்டுகள் மத்தியானமே காய்ந்துவிடும் என்பதால் பின்னேரம் இரண்டு மணிக்கும் ஒரு தரம் தண்ணீர் விடச் சொன்னார் சேர். தலைமைக் கந்தோரிலிருந்து பரீட்சைக்காக வந்த புது மிளகாய் நாற்று எட்டுத் தட்டு, பைப்புக்குக் கிட்ட முதல் மேடையில் இருந்தது. வருகிறவர்கள் முதலில் காணவேண்டும் என்று அங்கே வைத்திருந்தோம். ஒரு செவ்வாய்க்கிழமை காலமை பார்த்தால் அந்த எட்டும் வெந்த கீரை போலச் சரிந்து கிடந்தன. மற்ற மேடைகளில் ஒரு நாற்றுக்கும் ஒன்றுமில்லை.

அன்றைக்கே தலைமைக் கந்தோரிலிருந்து விசாரணைக்கு இருவர் வந்தார்கள். களைநாசினி கலந்த வாளியைக் கழுவாமல் பூமணி அதால் ஊற்றியிருப்பாள் என்று அவர்கள் முடிவே கட்டிவிட்டார்கள். பூமணி சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். "நான் வாளியத் தொடல்ல. ஹோஸாலதான் விட்டன். ஹோஸுக்குள்ள தண்ணியைத் தவிர வேற என்ன இருக்கு?"

அவளைத் தண்ணீர் வேலையிலிருந்து நிறுத்தித் தட்டுகளுக்குத் தேங்காய்த் தும்புத் தூள் நிரப்பும் கொட்டிலுக்கு மாற்றினார்கள். விசாரணை முடியும்வரை மேடைகளுக்குப் பூவாளியால்தான் தண்ணீர் என்றார்கள். ஹோஸ் அப்படியே ஸ்டேண்டில் தொங்கியது.

புதன்கிழமை பின்னேரம் இரண்டு மணி இருக்கும். கையெல்லாம் எண்ணெய். கழுவ என்று அந்த மூக்கை அழுத்திக் கையை நீட்டினேன். சுட்டுவிட்டது. கையை உதறினேன். முதலில் விளங்கவில்லை. மறுபடி அழுத்தினேன், இன்னும் சுட்டது. பைப் திறந்தபடி, மூக்கு மூடியபடி, நூற்றைம்பது அடிக் கறுப்பு ரப்பருக்குள் தண்ணீர் நிறைந்து, மேற்கு வெயிலில், கச்சான் காற்றில், இரும்பு ரிம்மின் மேல் கிடந்து கொதித்திருக்கிறது. அண்ணாந்து பார்த்தேன். சூரியன் நேரே அந்தச் சுவரில் அடித்துக்கொண்டிருந்தது.

எல்லாம் ஒரு நொடியில் விளங்கிவிட்டது. காலமையில் தண்ணீர் குளிராக இருப்பதால் யாரும் கவனிக்கவில்லை. பின்னேரத்தில் அவள் ரப்பர்க் கையுறை போட்டுக்கொண்டு தள்ளி நின்று தூவுவாள், கையில் சூடு தெரியாது. ஹோஸுக்குள் கிடந்த முதல் தண்ணீர் முழுவதும் முதல் மேடைக்குத்தான் போகும். அது முடிந்ததும் குளிர்ந்த தண்ணீர் வரும். மற்ற மேடைகள் பிழைத்தது அதனால்தான். மாமரத்துக்குக் கீழே அசிங்கமாகக் கிடந்த பழைய ஹோஸ் ஒரு நாற்றையும் கொல்லவில்லை.

நேரே சேரின் அறைக்குப் போயிருக்க வேண்டும். இருபது அடி தூரம். போகவில்லை. ஏன் போகவில்லை என்று இத்தனை வருசமாக என்னிடமே கேட்டிருக்கிறேன். படம் எடுத்து அனுப்பிய ஸ்டேண்ட். அளவு கேட்டுக் கடிதம் வந்த ஸ்டேண்ட். எல்லாருக்கும் முன்னால் என் முதுகில் தட்டிக்கொடுத்த மனிதரிடம் போய், நான்தான் கொன்றேன் என்று சொல்லவேண்டும். வெட்கம், வேறொன்றுமில்லை. நாளைக்குச் சொல்லுவம் என்று நினைத்தேன். வியாழன் நினைத்தேன், வெள்ளி நினைத்தேன். ஞாயிறு பூசையில் முழந்தாளில் நின்றுகொண்டு, திங்கள் கட்டாயம் என்று நினைத்தேன்.

திங்கள் காலமை கந்தோருக்குள் நுழைந்தபோது கிளாக்கர் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். "பூமணியின்ட பிரச்சினை முடிஞ்சுது. கவனக்குறைவு எண்டு எழுதிக் கையெழுத்து வச்சுக் குடுத்திட்டாள். ஒரு எச்சரிக்கையோட விட்டிருவாங்க எண்டு நான்தான் சொன்னன். வெள்ளிக்கிழமைத் தபாலிலயே போயிட்டுது" என்றார். அவர் நல்லெண்ணத்தோடுதான் சொல்லியிருக்கிறார்.

சேரிடம் போனேன். சொன்னேன். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"காட்டுங்க பாப்பம்."

இரண்டு மணிவரை காத்திருந்தோம். கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டார். சட்டைக் கையை முழங்கைவரை சுருட்டினார். உள்ளங்கையை நீட்டி, "அழுத்துங்க" என்றார். அழுத்தினேன். கையை இழுக்கவில்லை. நான்தான் பயந்து விட்டுவிட்டேன். உள்ளங்கை சிவந்திருந்தது. பிறகு விதை நேர்த்திக்கு வைத்திருந்த வெப்பமானியைக் கொண்டுவரச் சொல்லி, ஒரு கோப்பையில் முதல் தண்ணீரைப் பிடித்து அளந்தார். அது முடியும்வரை தண்ணீரை நிலத்தில் விட்டு, எத்தனை வாளி போனபின் குளிர்கிறது என்று எண்ணினார். கடைசியாக மிஞ்சிய கத்தரி நாற்று இரண்டு தட்டை எடுத்தார். மறுநாள் அதே நேரம் ஒன்றுக்கு ஹோஸின் முதல் தண்ணீர், மற்றதற்குப் பூவாளித் தண்ணீர். புதன் காலமை என்னைக் கூப்பிட்டு இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். ஒன்று சரிந்து கிடந்தது. மற்றது நிமிர்ந்து நின்றது.

என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருக்கலாம். அறைக்குள் போய் அரைப் பக்கத்தில் அறிக்கை எழுதினார். தொழிலாளி பிழை விடவில்லை, ஹோஸ் வைத்த இடமே பிழை, அதை அனுமதித்தது பொறுப்பதிகாரியாகிய நான் என்று எழுதியிருந்தார். என் பேர் அதில் இல்லை.

இரண்டு கிழமைக்குப் பிறகு தலைமைக் கந்தோரிலிருந்து ஒரு கேள்வி வந்தது. தொழிலாளி ஒப்புக்கொண்டு கையெழுத்திட முன்னரே பண்ணையில் யாருக்காவது இந்த விபரம் தெரிந்திருந்ததா? தெரிந்திருந்து அவளுக்குச் சொல்லப்படவில்லை என்றால் அந்தக் கையெழுத்து செல்லாது, அவள் பேர் பட்டியலில் இருக்கும். தெரிந்திருக்கவில்லை என்றால் கையெழுத்து கையெழுத்துத்தான்.

சேர் கடிதத்தை என் முன்னால் வைத்தார். "மரியதாஸ், இதை நீங்க எப்ப கண்டீங்க?"

கேட்டுவிட்டுக் காத்திருந்தார். அவர் காட்டுங்க பாப்பம் என்று சொல்லாமல் விட்டது அந்த ஒரு தரம்தான். என் வாயிலிருந்து வருவதைத் தொட்டுப் பார்க்காமலே எழுதத் தயாராக இருந்தார்.

"அந்தத் திங்கக்கிழமை காலமைதான் சேர்" என்றேன்.

அவர் அதை அப்படியே எழுதினார். பூமணியின் பேர் இல்லாமல் பட்டியல் வந்தது. அடுத்த பட்டியல் வந்தபோது அவளுக்கு வயதெல்லை தாண்டியிருந்தது.

ஸ்டேண்டை நான் கழற்றி மாமரத்துக்குக் கீழே, நாள் முழுக்க நிழல் விழுகிற இடத்தில் நட்டேன். இப்போது நிற்பது அங்கேதான். ரிம்மின் அடியில் ஒரு சாய்வு கொடுத்து, வேலை முடிந்ததும் பைப்பைப் பூட்டி, மூக்கைத் திறந்து, ஹோஸை வடியவிட்டுச் சுற்றவேண்டும் என்று பலகையில் எழுதி அடித்தேன். முதல் தண்ணீரை நிலத்தில் விட்டு, வெறுங்கையால் பார்த்து, குளிர்ந்த பிறகே நாற்றுக்கு என்பது சேர் போட்ட சட்டம். கூடவே யாரும் கேட்காமல் தும்புக் கொட்டிலுக்கு ஒரு வாங்கும் அடித்துக் கொடுத்தேன். பூமணி அதில் இருந்ததை நான் ஒரு நாளும் காணவில்லை. அதற்குப் பிறகும் ஆறேழு வருசம் அமையத் தொழிலாளியாகவே வேலை செய்துவிட்டு, முழங்கால் வருத்தத்தால் நின்றாள். சேர் ஓய்வு பெற்றார், பிறகு காலமானார். எனக்குப் பிரியாவிடை வைத்து மாலை போட்டார்கள். ஓய்வூதியம் மாதம் தவறாமல் வருகிறது. அதை வங்கியில் எடுக்கிற ஒவ்வொரு மாதமும் அவள் ஞாபகம் வரும்.

அளவுத் தாளை அனுப்பிய மறுநாள் வெல்லாவெளிக்குப் போனேன். பூமணி வாசலில் பாய் போட்டிருந்து பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தாள். தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தாள்.

"இரு, இரு. எழும்பாத."

"என்ன அண்ணன், வழி தவறி வந்த மாதிரி? இருங்க, மகளத் தேத்தண்ணி ஊத்தச் சொல்றன்."

பால் தேத்தண்ணி வந்தது. மகள் உள்ளே போனதும் சொன்னேன். வழி முழுக்க அடுக்கிக்கொண்டு வந்த சொல் ஒன்றும் வரவில்லை. "பூமணி, அந்தத் தண்ணி சுடுறத நான் திங்கக்கிழமை காணல்ல. அதுக்கு முந்தின புதன்கிழமையே கண்டுட்டன்."

அவளுடைய கை நிற்கவில்லை. ஒரு காயை எடுத்தாள், மூன்றாக முறித்தாள், சுளகில் போட்டாள்.

"தெரியும்" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை.

"நான் தும்புக் கொட்டிலுக்குள்ளதானே நிண்டன். நீங்க கைய உதறினதக் கண்டன். மறுகாவும் கைய வச்சுப் பாத்தீங்க. மறுகா அண்ணாந்து பாத்தீங்க. அப்பவே எனக்கும் விளங்கிட்டு."

"அப்ப நீ ஏன் சொல்லல்ல?"

"நான் சொன்னா ஆரு எடுப்பா? தான் தப்புறதுக்கு மரியதாஸ் அண்ணன்ட தலையில போடுறாள் எண்டுதான் எழுதுவாங்க. நீங்க சொன்னாத்தான் அது செல்லும். இண்டைக்குச் சொல்லுவார், நாளைக்குச் சொல்லுவார் எண்டு பாத்துக்கொண்டு இருந்தன். வெள்ளிக்கிழமை கையெழுத்து வைக்கக்குள்ளயும் வாசலத்தான் பாத்தன். நீங்க வரல்ல."

குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். நான் அழுதேன். அறுபத்தெட்டு வயது மனிதன், ஒரு பெண்ணின் வாசலில் இருந்து, மூக்கைத் துடைத்துத் துடைத்து அழுதேன். "என்னை மன்னிச்சுக்கொள்ளு பூமணி" என்று கேட்டேன்.

அவள் சுளகைத் தள்ளி வைத்துவிட்டு என்னை நேரே பார்த்தாள்.

"மன்னிச்சிட்டன் எண்டு சொல்லலாம் அண்ணன். உங்களுக்கும் ஆறுதலா இருக்கும். ஆனா அது பொய். உங்களுக்கு நான் பொய் சொல்ல ஏலா." பிறகு கோப்பையை என் பக்கம் நகர்த்தினாள். "தேத்தண்ணி ஆறுது. குடிச்சிட்டுப் போங்க. பஸ் வாற நேரம்."

ஆடை படர்ந்திருந்த அந்தத் தேத்தண்ணியை முழுவதும் குடித்துவிட்டுத்தான் எழும்பினேன்.